இரண்டு கட்டடக் கம்பனிகள் ஒன்று சேர்ந்தால் வாடகை கூடுமா?

வியாபாரிகளாகிய எம்மிடையே நெடுநாளாக ஒரு நம்பிக்கை இருந்து வருகிறது. இரண்டு சிறிய கடைகள் சேர்ந்தால் ஒரு பெரிய கடை, பெரிய கடைக்குப் பெரிய இலாபம் என்பதே அது. சாமான் வியாபாரத்தில் இது ஓரளவுக்கு உண்மைதான். இருவர் சேர்ந்து ஒரு கொள்கலன் முழுவதற்கும் ஓடர் கொடுத்தால், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் கடைத்தொகுதி, களஞ்சியசாலை, அலுவலகக் கட்டடம் ஆகியவற்றை வாடகைக்கு விடும் தொழிலில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்துவதில்லை.

அண்மைக்காலமாக எம்மவர் பலர் சரக்கில் போட்ட பணத்தை மெல்ல மெல்லக் கட்டடங்களின் பக்கம் திருப்பி வருகிறார்கள். “நீங்களும் உங்கள் கட்டடத்தைப் போடுங்கள், நாங்களும் எங்கள் கட்டடத்தைப் போடுகிறோம், ஒரே கம்பனியாக்கி விடுவோம்” என்ற பேச்சும் காதில் விழுகிறது. வாப்பா, வாப்பாவின் வாப்பா என்று இரண்டு தலைமுறை உழைத்துச் சேர்த்த சொத்து அப்படி ஒரு கையெழுத்தில் கைமாறக்கூடும். ஆகவே, உலகத்தில் பெரிய கட்டடக் கம்பனிகள் ஒன்றோடொன்று இணைந்தபோது யார் இலாபம் கண்டார்கள், யார் கையைச் சுட்டுக்கொண்டார்கள், அதற்குக் காரணம் என்ன என்பதை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம். பில்லியன் டொலர் கணக்கைக் கண்டு வாசகர்கள் மிரள வேண்டியதில்லை. பூச்சியங்களை எடுத்துவிட்டால் மீதியிருப்பது எமது கடைக் கணக்குத்தான்.

வாடகையை யார் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் அடிப்படை விடயம் ஒன்று. ஒரு கட்டடத்தின் வாடகையை அதன் சொந்தக்காரரின் பெயர் தீர்மானிப்பதில்லை. அந்தத் தெருவில் எத்தனை பேர் இடம் தேடுகிறார்கள், பக்கத்துத் தெருவில் எத்தனை கடைகள் பூட்டிக் கிடக்கின்றன, வாடகைக்காரரின் வியாபாரம் எப்படிப் போகிறது என்பவையே தீர்மானிக்கின்றன. அது மட்டுமல்ல, குத்தகை உடன்படிக்கை ஐந்து வருடத்துக்கு, பத்து வருடத்துக்கு என்று ஏற்கனவே எழுதப்பட்டிருக்கும். நேற்று ‘அ’ கம்பனிக்குச் சொந்தமாக இருந்த கட்டடம் இன்று ‘ஆ’ கம்பனிக்குச் சொந்தமாகிவிட்டது என்பதற்காக, கீழ்மாடியில் இருக்கும் வாடகைக்காரர் ஒரு சதமேனும் கூடுதலாகத் தரப்போவதில்லை.

அப்படியானால் இணைப்பினால் வரும் இலாபம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்துதான் வருகிறது. ஒன்று, நிர்வாகச் செலவு. இரண்டு தலைமை அலுவலகங்கள், இரண்டு பணிப்பாளர் சபைகள், இரண்டு கணக்காய்வாளர்கள், இரண்டு கணினி முறைகள் இருந்த இடத்தில் ஒன்று போதும். மற்றது, பணத்தின் விலை. பெரிய, நம்பிக்கையான கம்பனிக்கு முதலீட்டாளர்களும் வங்கிகளும் மலிவாகப் பணம் தருகிறார்கள்.

இரண்டாவது விடயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்ள, ‘ரீட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கட்டட முதலீட்டு நம்பிக்கை நிதியங்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1960 ஆம் ஆண்டு சட்டத்தின் மூலம் இவை உருவாக்கப்பட்டன. சாதாரண மக்களும் சிறு தொகை போட்டுப் பெரிய கட்டடங்களில் பங்குதாரராகலாம் என்பதே நோக்கம். பின்னர் பல நாடுகள் இதைப் பின்பற்றின. எமது நாட்டிலும் 2020 ஆம் ஆண்டு இதற்கான விதிகள் கொண்டுவரப்பட்டன. அமெரிக்கச் சட்டப்படி ஒரு ரீட் தனது வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 சதவீதத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்கு அதற்குக் கம்பனி வரிச் சலுகை கிடைக்கிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். எங்களைப் போல இலாபத்தைப் பெட்டியில் சேர்த்துவைத்து அடுத்த கட்டடம் வாங்க அவர்களால் முடியாது. வளர வேண்டுமானால் புதிய பங்கு வெளியிட வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். விலைக்கு 6 சதவீதம் வருமானம் தரும் கட்டடத்தை, 4 சதவீதச் செலவில் கிடைத்த பணத்தால் வாங்கினால் இலாபம். அதே கட்டடத்தை 7 சதவீதச் செலவில் கிடைத்த பணத்தால் வாங்கினால், வாங்கிய நாளிலிருந்தே நட்டம். கட்டடம் ஒன்றுதான், வாடகைக்காரரும் ஒருவர்தான். வித்தியாசம் பணத்தின் விலையில்தான் இருக்கிறது.

வட்டியைப் பற்றிய மார்க்க விளக்கத்தை அதற்குரியவர்கள் சொல்வார்கள். நான் இங்கே கணக்கை மட்டுமே சொல்கிறேன். இனி உதாரணங்களுக்கு வருவோம்.

களஞ்சியசாலைக் கம்பனியின் வெற்றி

உலகத்தின் மிகப் பெரிய களஞ்சியசாலைச் சொந்தக்காரர் இன்று புரோலொஜிஸ் என்ற அமெரிக்கக் கம்பனி. துறைமுகங்கள், விமான நிலையங்கள், பெரிய நகரங்கள் ஆகியவற்றின் பக்கத்தில் களஞ்சியசாலைகள் கட்டி வாடகைக்கு விடுவது இதன் தொழில். 2008 ஆம் ஆண்டு உலக நிதி நெருக்கடி வந்தபோது இந்தக் கம்பனி கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அவ்வருடத் தொடக்கத்தில் 60 டொலருக்கு மேல் இருந்த பங்கின் விலை, நவம்பரில் 5 டொலருக்கும் கீழே போனது. தலைமை நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார். புதிய நிர்வாகம் சொத்துகளை விற்றுக் கடனைக் குறைத்தது.

இதே தொழிலைச் செய்துவந்த இன்னொரு கம்பனி, சான் பிரான்சிஸ்கோவில் 1983 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏ.எம்.பி. இவ்விரண்டும் 2011 ஜனவரியில் இணைப்பை அறிவித்தன. அவ்வருடம் ஜூன் மாதம் ஒன்றாகின. சேர்ந்த கம்பனியிடம் 22 நாடுகளில் சுமார் 600 மில்லியன் சதுர அடி இடம் இருந்தது. பெயர் புரோலொஜிஸ் என்றே வைக்கப்பட்டது. தலைமையகம் ஏ.எம்.பி.யின் ஊரான சான் பிரான்சிஸ்கோவில் அமைந்தது.

இந்த இணைப்பில் மூன்று விடயங்களை நான் முக்கியமாகக் காண்கிறேன்.

முதலாவது, காசு கைமாறவில்லை. ஒரு கம்பனியின் பங்குகளுக்குப் பதிலாக மற்றக் கம்பனியின் பங்குகள் கொடுக்கப்பட்டன. இணைப்புக்காகப் புதிதாக மலைபோலக் கடன் வாங்க வேண்டி வரவில்லை. இரண்டு பக்கத்தவரும் இலாபத்திலும் நட்டத்திலும் ஒரே படகில் ஏறிக்கொண்டார்கள்.

இரண்டாவது, இரண்டும் ஒரே தொழில், ஒரே வகை வாடகைக்காரர், ஒரே வகை நகரங்கள். ஆகவே இரட்டிப்பாக இருந்த செலவுகளை வெட்டுவது இலகுவாக இருந்தது. வருடத்துக்கு சுமார் 80 மில்லியன் டொலர் நிர்வாகச் செலவு மிச்சமாகும் என்று அவர்கள் இணைப்பின்போதே சொன்னார்கள். ‘வாடகை இவ்வளவு கூடும்’ என்று ஆசை காட்டவில்லை, ‘செலவு இவ்வளவு குறையும்’ என்றே சொன்னார்கள். செலவு எங்கள் கையில் இருக்கிறது, வாடகை சந்தையின் கையில் இருக்கிறது.

மூன்றாவது, யார் முதலாளி என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை எழுதப்பட்டிருந்தது. ஏ.எம்.பி.யின் ஹமீட் மொகதம், புரோலொஜிஸின் வோல்டர் ரகோவிச் ஆகிய இருவரும் இணைத் தலைவர்களாக இருப்பார்கள், 2012 முடிவில் ரகோவிச் ஓய்வு பெறுவார், அதன் பிறகு மொகதம் ஒருவரே தலைவர் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்படியே நடந்தது. இரண்டு முதலாளிமார் உள்ள கடையில் வேலை செய்த எவருக்கும் இதன் பெறுமதி தெரியும்.

அதன் பிறகு இணையவழி வியாபாரம் பெருகியது. கடையில் விற்கவேண்டிய பொருட்கள் களஞ்சியசாலையிலிருந்து நேராக வீட்டுக்குப் போகத் தொடங்கின. களஞ்சியசாலைகளுக்குக் கேள்வி கூடியது, வாடகையும் கூடியது. இது காலத்தின் போக்கு கொடுத்த நன்மை, இணைப்பு கொடுத்தது அல்ல. ஆனால் அந்தக் காலம் வந்தபோது கடன் சுமை குறைந்து, தயார் நிலையில் இருந்தது அவர்களது சாமர்த்தியம்.

பின்னரும் அதே வழியில்தான் போனார்கள். 2018 இல் டி.சி.ரி. என்ற கம்பனியை 8.4 பில்லியன் டொலருக்கும், 2020 பெப்ரவரியில் லிபர்ட்டி என்ற கம்பனியை சுமார் 13 பில்லியன் டொலருக்கும், 2022 ஒக்டோபரில் டியூக் என்ற கம்பனியை சுமார் 23 பில்லியன் டொலருக்கும் தம்மோடு இணைத்துக்கொண்டார்கள். மூன்று முறையும் பங்குக்குப் பங்கு. லிபர்ட்டியை எடுக்கும்போது, தமக்குப் பொருந்தாத களஞ்சியசாலைகளையும் அலுவலகக் கட்டடங்களையும் சேர்த்து சுமார் 3.5 பில்லியன் டொலர் பெறுமதியானவற்றை விற்றுவிடுவோம் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். எதை வைத்துக்கொள்வது என்பதோடு, எதை விற்பது என்பதையும் தெரிந்துகொண்டே வாங்கினார்கள்.

கடைத்தொகுதிக் கம்பனியின் சறுக்கல்

இனி மறுபக்கம். யுனிபெய்ல்-ரொடம்கோ என்பது பாரிஸ் நகரைத் தலைமையகமாகக் கொண்டு ஐரோப்பாவில் பெரிய கடைத்தொகுதிகளை வைத்திருந்த கம்பனி. நல்ல பெயர், குறைந்த கடன், ஒழுங்கான இலாபப் பங்கு. வெஸ்ட்ஃபீல்ட் என்பது அவுஸ்திரேலியாவின் சிட்னிப் புறநகரான பிளக்டவுனில் 1959 ஆம் ஆண்டு முதலாவது கடைத்தொகுதியைத் திறந்து, பிறகு அமெரிக்காவுக்கும் லண்டனுக்கும் பரவிய கம்பனி. இதைக் கட்டியெழுப்பிய ஃபிராங்க் லோவி, அகதியாக வாழ்க்கையைத் தொடங்கியவர்.

2017 டிசம்பரில், வெஸ்ட்ஃபீல்டை அதன் கடன்களோடு சேர்த்து சுமார் 25 பில்லியன் டொலருக்கு வாங்கப் போவதாக யுனிபெய்ல் அறிவித்தது. 2018 ஜூனில் காரியம் முடிந்தது. ஐரோப்பா, லண்டன், அமெரிக்கா எல்லாவற்றிலும் முதல்தரக் கடைத்தொகுதிகள் ஒரே பெயரின் கீழ் வந்துவிட்டன என்று கொண்டாடினார்கள்.

கணக்கைப் பாருங்கள். கடன் போக, வெஸ்ட்ஃபீல்டின் பங்குகளுக்குக் கொடுக்கப்பட்ட விலை ஏறத்தாழ 16 பில்லியன் டொலர். அது சந்தை விலையைவிட சுமார் 18 சதவீதம் கூடுதல். அதாவது ஏறத்தாழ 2.4 பில்லியன் டொலர் ‘மேல்காசு’. இதற்குப் பதிலாக இணைப்பினால் கிடைக்கும் என்று அவர்களே சொன்ன நன்மை வருடத்துக்கு 100 மில்லியன் யூரோ. அன்றைய மாற்று விகிதப்படி அது 120 மில்லியன் டொலருக்குக் கிட்ட வரும். 2.4 பில்லியனை 120 மில்லியனால் பிரித்தால் 20 வருடம். எல்லாம் நினைத்தபடியே நடந்தால்கூட, கொடுத்த மேல்காசை மட்டும் மீட்க 20 வருடம்! எமது கடைத்தெருவில் சாவிப்பணம் கொடுத்துக் கடை எடுப்பவர்கூட இவ்வளவு நீண்ட கணக்குப் போடமாட்டார்.

அத்தோடு விலையின் ஒரு பகுதி ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது, அதற்குக் கடன் வாங்கப்பட்டது. வெஸ்ட்ஃபீல்டின் பழைய கடனும் தலையில் வந்து சேர்ந்தது. வாங்கிய நேரமும் சரியில்லை. அமெரிக்காவில் கடைத்தொகுதிகளின் பொற்காலம் அப்போதே முடிந்துகொண்டிருந்தது. அதே 2018 இல் டொய்ஸ் ஆர் அஸ் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனம் அமெரிக்காவிலிருந்த தனது கடைகளை மூடியது. பழம்பெரும் சியர்ஸ் நிறுவனம் ஒக்டோபரில் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. இப்படிப்பட்ட பெரிய கடைகள் போனால், அவற்றை நம்பி வரும் சனமும் குறையும், பக்கத்திலுள்ள சிறிய கடைகளும் தளரும்.

2020 இல் கொவிட் தொற்று வந்து கடைகள் மூடப்பட்டபோது, மறைந்திருந்த பலவீனம் வெளியே வந்தது. 2017 இல் 200 யூரோவுக்கு மேல் இருந்த பங்கு, 2020 ஒக்டோபரில் 40 யூரோவுக்கும் கீழே விழுந்தது. கடனைக் குறைப்பதற்காக 3.5 பில்லியன் யூரோவுக்குப் புதிய பங்கு வெளியிட நிர்வாகம் அனுமதி கேட்டது. கம்பனியின் முன்னாள் தலைவர் லியோன் பிரெஸ்லரும், பிரெஞ்சுச் செல்வந்தர் சேவியர் நீலும் அதை எதிர்த்தார்கள். “பங்குதாரரிடம் மறுபடியும் பணம் கேட்க வேண்டாம், அமெரிக்கச் சொத்துகளை விற்றுக் கடனை அடையுங்கள்” என்பதே அவர்களது வாதம். 2020 நவம்பரில் நடந்த கூட்டத்தில் பங்குதாரர்கள் நிர்வாகத்தின் யோசனையைத் தோற்கடித்தார்கள். தலைமை அதிகாரியும் பதவி இழந்தார். 2020, 2021, 2022 ஆகிய மூன்று வருடங்களுக்கும் இலாபப் பங்கு கிடைக்கவில்லை. 2023 இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் மத்தியிலிருந்த கடைத்தொகுதிக்கான 558 மில்லியன் டொலர் கடனைத் தொடர்ந்து செலுத்துவதை நிறுத்தி, அந்தச் சொத்தைக் கடன்காரர்களிடமே விட்டுவிட்டார்கள்.

‘கொவிட் வந்தது, அவர்கள் என்ன செய்வார்கள்’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொவிட் எல்லாக் கடைத்தொகுதிகளையும்தான் தாக்கியது. ஆனால் 2020 முடிவில் யுனிபெய்லின் கடன் அதன் சொத்துப் பெறுமதியில் ஏறத்தாழ 45 சதவீதமாக இருந்தது. இணைப்புக்கு முன், 2017 முடிவில், அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். கடன் தொகை மாறாமல் நிற்கிறது, சொத்தின் பெறுமதிதான் ஏறி இறங்குகிறது. பெறுமதி இறங்கும் வருடம் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது, அது ஒரு நாள் வரும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

குறுங்காலக் கடனில் வாங்கியவர்

கடனின் அளவு மட்டுமல்ல, அதன் தவணையும் ஆளைக் கவிழ்க்கும் என்பதற்கு நியூயோர்க்கில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 2007 பெப்ரவரியில் பிளக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம், சாம் செல் என்பவர் உருவாக்கிய ஈக்விட்டி ஒபிஸ் என்ற அலுவலகக் கட்டடக் கம்பனியை, கடன்களோடு சேர்த்து 39 பில்லியன் டொலருக்கு வாங்கியது. வாங்கிய கையோடு பெருந்தொகையான கட்டடங்களை வேறு ஆட்களுக்கு விற்றுத் தள்ளியது. விலை உச்சத்தில் இருந்தபோதே விற்றதால் அந்நிறுவனம் தப்பிக்கொண்டது.

அப்படி விற்றவற்றில் மன்ஹாட்டனில் இருந்த ஏழு கட்டடங்களை ஹரி மெக்லோ என்ற கட்டட முதலாளி ஏறத்தாழ 7 பில்லியன் டொலருக்கு வாங்கினார். அதில் அவரது சொந்தப் பணம் சுமார் 50 மில்லியன் டொலர் மட்டுமே. 100 ரூபா பெறுமதியான பொருளுக்கு ஒரு ரூபாவையும் கையிலிருந்து போடாதது போன்ற கதை. மீதி எல்லாம் ஒரு வருடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். ஒரு வருடத்துக்குள் நீண்டகாலக் கடன் எடுத்து இதை அடைத்துவிடலாம் என்பது நினைப்பு. 2007 நடுப்பகுதியிலேயே கடன் சந்தை இறுகிவிட்டது. 2008 பெப்ரவரியில் தவணை வந்தபோது பணம் தர எவரும் இல்லை. ஏழு கட்டடங்களையும் கடன் கொடுத்தவர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. பிணையாக வைத்திருந்த, புகழ்பெற்ற ஜெனரல் மோட்டர்ஸ் கட்டடத்தையும் அவர் விற்க நேர்ந்தது.

கட்டடங்களில் குறையில்லை. அவை இன்றும் மன்ஹாட்டனில் நிற்கின்றன. பத்து, பதினைந்து வருடக் குத்தகையில் வருமானம் தரும் பொருளை ஒரு வருடக் கடனில் வாங்கியதுதான் குறை.

ஒரே கட்டடங்கள், இரண்டு முடிவுகள்

கடைசியாக ஓர் உதாரணம். எனது பார்வையில் மிகவும் படிப்பினை தருவது இதுதான்.

அமெரிக்கன் ரியல்ட்டி கெப்பிட்டல் என்று ஒரு கம்பனி இருந்தது. மருந்துக் கடை, உணவகம், மலிவு விலைக் கடை போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டடங்களை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுப்பது தொழில். 2013, 2014 ஆகிய இரண்டு வருடங்களில் இது ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பனிகளை இணைத்துக்கொண்டது. 2014 பெப்ரவரியில் கோல் என்ற கம்பனியை மட்டும் சுமார் 11 பில்லியன் டொலருக்கு எடுத்தது. ஒரு கம்பனியின் கணக்கு ஒழுங்காவதற்குள் அடுத்த கம்பனி வந்து சேர்ந்தது. 2014 ஒக்டோபர் இறுதியில், கணக்குகளில் பிழை நடந்திருப்பதாகவும், அது வேண்டுமென்றே மறைக்கப்பட்டதாகவும் கம்பனியே அறிவித்தது. சில நாட்களுக்குள் பங்கின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. அதன் முன்னாள் தலைமை நிதி அதிகாரி 2017 இல் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

புதிய நிர்வாகம் வந்தது. பெயரை வெரீட் என்று மாற்றி, பொருந்தாதவற்றை விற்று, கடனைக் குறைத்து, பல வருடம் பாடுபட்டுக் கணக்கை ஒழுங்காக்கியது. 2021 நவம்பரில், ரியல்ட்டி இன்கம் என்ற கம்பனி பங்குக்குப் பங்கு கொடுத்து வெரீட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1969 இல் ஒரு கணவனும் மனைவியும் ஓர் உணவகக் கட்டடத்தை வாங்கித் தொடங்கிய கம்பனி இது. மாதாமாதம் இலாபப் பங்கு கொடுப்பதற்குப் பெயர் பெற்றது.

வெரீட்டைவிட ரியல்ட்டி இன்கத்துக்குக் கடன் தரம் உயர்வாக இருந்தது. ஆகவே அதே கட்டடங்களின் மேலிருந்த கடனைக் காலப்போக்கில் குறைந்த செலவில் புதுப்பிக்க வழி பிறந்தது. இரண்டு தலைமையகங்களின் செலவு ஒன்றானது. அதுமட்டுமல்ல, இருவரிடமும் இருந்த அலுவலகக் கட்டடங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரியன் என்ற தனிக் கம்பனியாக அதே மாதத்தில் பிரித்துவிட்டார்கள். கொவிட்டுக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்யும் பழக்கம் பரவியதால் அலுவலகக் கட்டடங்களுக்குச் சோதனைக் காலம் வந்தது, ஓரியனின் பங்கு பின்னர் பெரிதாக விழுந்தது. அந்தச் சுமை தாய்க் கம்பனியின் கணக்கில் இருக்கவில்லை. ஆனால் ஓரியனின் பங்குகளை வைத்திருந்தவர்கள் அதைத் தாங்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே கட்டடங்கள், பெரும்பாலும் அதே வாடகைக்காரர்கள். ஒரு முதலாளியின் கையில் அவமானம், இன்னொரு முதலாளியின் கையில் ஒழுங்கான வருமானம். வாடகையில் வராத வித்தியாசம் எங்கே வந்தது? கணக்கின் நேர்மையிலும், பணத்தின் விலையிலும், நிதானத்திலும் வந்தது.

எமக்கு இதிலிருந்து என்ன?

எனக்குத் தெரிந்த ஒருவர், தனது நான்கு மாடிக் கட்டடத்தை இன்னொருவரின் கட்டடத்தோடு சேர்த்துக் கம்பனியாக்குவது பற்றி என்னிடம் யோசனை கேட்டார். “நானா, பெரிய கம்பனி என்றால் வங்கி கூடுதலாகக் கடன் தருமாமே” என்றார். “கடன் கூடுதலாகக் கிடைப்பது இலாபமல்ல. உங்கள் கட்டடத்துக்கு இன்று கடனில்லை, சேர்ந்த பிறகு அவருடைய கடனுக்கும் நீங்கள்தான் பாதிப் பொறுப்பு. அதைப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். அவர் அதுவரை அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை.

இப்படியான யோசனையோடு எவராவது வந்தால், பின்வரும் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று: சேர்வதால் வருடத்துக்கு என்ன செலவு குறையும்? காவலாளி, கணக்காளர், மின்தூக்கிப் பராமரிப்பு, காப்புறுதி என்று வரிவரியாக எழுதுங்கள். வாடகை கூடும் என்ற வரியைத் தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை எடுத்த பிறகும் கணக்கு நின்றால் மட்டும் மேலே பேசுங்கள்.

இரண்டு: இரண்டு கட்டடங்களையும் யார் மதிப்பிட்டது? இருவருக்கும் வேண்டாத, பட்டயம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் மதிப்பிட வேண்டும். ஒருவரின் சொத்துக்குக் கூடுதல் பெறுமதி போட்டால், மற்றவர் கையெழுத்திட்ட அன்றே நட்டப்படுகிறார்.

மூன்று: மற்றவரின் குத்தகை உடன்படிக்கைகள் எப்போது முடிகின்றன? எல்லா மாடிகளும் நிரம்பியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். எல்லாம் வருகிற வருடமே முடிவதாக இருந்தால் அது வேறு கதை. ஒரே வாடகைக்காரர் பாதிக் கட்டடத்தை வைத்திருந்தால், அவரது வியாபாரத்தையும் விசாரியுங்கள்.

நான்கு: கடன் எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும், வருமானம் காற்பங்கு குறைந்தாலும் கட்ட முடியுமா?

ஐந்து: முடிவெடுப்பவர் யார்? மூத்தவர், இளையவர் என்ற மரியாதை வீட்டுக்கு நல்லது. கம்பனிக்கு ஒருவரின் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும்.

ஆறு: பிரிய வேண்டி வந்தால் எப்படிப் பிரிவது, எந்த விலைக்கு யார் வாங்குவது? சேரும்போது இதைப் பேசுவது சிலருக்கு அபசகுனமாகப்படும். ஆனால் பிள்ளைகளின் காலத்தில் நீதிமன்றப் படியேறுவதைவிட இன்று சட்டத்தரணியின் அறையில் பேசிக்கொள்வது மேல்.

ஆறு கேள்விகளுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால், சேர்வதில் தவறில்லை. மேலே சொன்ன களஞ்சியசாலைக் கம்பனியைப் போல நன்மை காணலாம். ஒன்றிரண்டுக்குப் பதில் வராவிட்டால், பதில் வரும்வரை கட்டடத்தின் உறுதிப் பத்திரம் உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும். மாத முடிவில் வாடகை எப்படியும் வரும்.